நூற்றுக்குப் பதினைந்து

சட்டம் சொல்வது ஏறக்குறைய இவ்வளவுதான்:
புதிதாய் எழும் கார்நிறுத்துமிடத்தில்
நூறு கட்டங்கள் இருந்தால்
ஒன்றில் மின்னூட்டி நின்றாக வேண்டும்.
பதினைந்துக்குப் போதுமான மின்சாரம்
வரத் தயாராய் இருக்க வேண்டும்.

மீதிப் பதினான்கு கார்களை
யாரும் இன்னும் வாங்கவில்லை.
சிலவற்றைச் செய்யவே இல்லை.
ஓட்டப்போகிறவன் ஒருவன்
இப்போது தொடக்கநிலை இரண்டில்
ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறிக்கொண்டிருப்பான்.
அவனுக்கும் சேர்த்து
கம்பியின் தடிமனைக் கணக்கிடுகிறேன்.

தெங்காவில் ஒரு புளோக்.
மின்வரைபடம் என்னுடையது.
கோடு கிளம்பி, வளைந்து,
ஒரு சிறு வட்டத்தில் முட்டி நிற்கும்.
பக்கத்தில் 'ஸ்பேர்' என்று எழுதுவேன்.
உபரி என்றால் வேண்டாததுபோல் இருக்கிறது.
காலி என்றால்
யாரோ எழுந்து போய்விட்டதுபோல்.
ஸ்பேர்தான் சரி.
வருவார்கள், இடம் பிடித்து வை
என்பதுபோல் ஒரு சொல்.
உணவங்காடி மேசையில்
டிஷ்யூ பொட்டலம் வைக்கிறோமே, அப்படி.

யோகேஸ்வரி என்ற என் பெயரை
யோகா என்று சுருக்கிவிட்ட திரு. லியாவ்
கேபிளையும் சுருக்கப் பார்த்தார்.
"மெல்லிசாய்ப் போட்டால் பதினோராயிரம் வெள்ளி மிச்சம்.
பத்து வருஷம் கழித்துத்தானே
யாராவது திறந்து பார்க்கப்போகிறார்கள்?"
"பத்து வருஷம் கழித்துத்தான்
அது சூடாகும்" என்றேன்.
அவர் காப்பியைக் கலக்கினார்.
ஏற்கெனவே கலக்கிய காப்பி.

இரவு ஒன்றரைக்குத் தேவன் அழைத்தான்.
யீஷூனில், பழைய கார்நிறுத்துமிடத்தின் நான்காம் மாடியில்,
இந்தச் சட்டம் பிறப்பதற்கு முன் கட்டியது,
இருக்கிற மூன்றில் ஒன்று பழுது.
ஒன்றில் யாரோ இப்போதுதான் மாட்டியிருக்கிறார்கள்.
மூன்றாவதில் வெள்ளை வண்டி ஒன்று
நூறு சதம் ஏறி, வயிறு நிறைந்து,
பச்சை விளக்கோடு தூங்குகிறது.
ஆளைக் காணோம்.

தேவன் வாடகை வண்டி ஓட்டுகிறான்.
நின்றாலும் அன்றைய வாடகை ஓடும்.
முன்பு பெட்ரோல் வண்டி இருந்தபோது
முக்கால் டேங்க் காட்டி உட்லண்ட்ஸைக் கடந்து
ஜோகூரில் மீ சாப்பிட்டு வருவான்.
முள்ளைப் பார்த்தே
எத்தனை கிலோமீட்டர் என்று சொல்வான்.
இப்போது கண்ணாடியை இறக்கிவிட்டு
பதினொரு சதத்தோடு உட்கார்ந்திருக்கிறான்.

"உன் பதினைந்தில் ஒன்றை
இந்தப் பக்கம் அனுப்பேன்" என்றான்.
"அது வராத கார்களுக்கு."
"நான் வந்துவிட்டேனே, அக்கா."

பதில் என்னிடம் இல்லை.
சட்டத்திலும்
அந்த இரவுக்கான பிரிவு இல்லை.

இரண்டேகாலுக்கு ஒரு பெண் ஓடி வந்தாளாம்.
தாதிச் சீருடையில் மேல்பாதி,
கீழே தூங்கும் பூப்போட்ட கால்சட்டை.
இரட்டை வேலைநேரம் முடித்து வந்து
காலணியைக் கழற்றும்போதே சாய்ந்துவிட்டாளாம்.
மன்னிப்புக் கேட்டாள், மூன்று முறை.
அவன் திட்டுவதற்காக
முக்கால் மணி நேரமாய்ச் சேர்த்துவைத்த வாக்கியத்தை
எங்கோ வைத்துவிட்டானாம்.
"போய்த் தூங்குங்க" என்பது மட்டும் வந்தது.

மறுநாள் வரைபடத்தில் கையெழுத்திட்டேன்.
தடித்த கேபிள்.
லியாவ் ஒன்றும் சொல்லவில்லை,
அதைவிட அதிகமாய்க் கதவைச் சாத்தினார்.

ஏழு மாதம் கழித்து நேரில் போய்ப் பார்த்தேன்.
சிமெண்ட் வாடை. மதியம்.
கட்டங்களுக்கு எண் எழுதியிருந்தார்கள்.
என் பதினைந்தில்
அட்டை விரித்து ஆட்கள் படுத்திருந்தார்கள்,
ஆளுக்கொரு கட்டம்,
வெள்ளைக் கோட்டுக்குள் கால் நீட்டி,
தலைக்குப் பாதுகாப்புத் தொப்பி.
பதினாறாவதாய் வந்தவர்
தூணோரம் சாய்ந்திருந்தார்.

தற்காலிக மின்பெட்டியிலிருந்து
நீள்கம்பி ஒன்று இழுத்து
ஆறு கைபேசிகளை மாட்டியிருந்தார்கள்.
விதிப்படி கூடாது.
விரிசல் விட்ட திரை ஒன்றில்
ஏழு சதம் என்று இருந்தது.

குறிப்பேட்டைத் திறந்தேன்.
கூரையில் குழாய்கள் நேராய் இருக்கின்றன,
முனைகள் மூடியிருக்கின்றன என்று எழுதினேன்.
அது எட்டாகும்வரை
நின்றேன்.